விடு என்றாலும் லெட், தடு என்றாலும் லெட்

போன வாரம் ஒரு புதுமனைப் புகுவிழா. பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வந்துகொண்டிருந்தது. ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர், பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தார். “இதோ பாரும்மா, இப்ப வர்ற நியூஸ்பேப்பர் இங்கிலீஷெல்லாம் இங்கிலீஷே இல்ல. தினம் காலையில கிங் ஜேம்ஸ் பைபிள்ல ஒரு அதிகாரம் சத்தமா வாசி. ஆறே மாசத்துல உன் இங்கிலீஷ் எங்கேயோ போயிடும்.” அந்தப் பெண் “சரிங்க சார்” என்றது. சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அதில் பாதிப் பேர் அந்தப் புத்தகத்தைத் தொட்டே இருக்க மாட்டார்கள். நெற்றி நிறைய விபூதி பூசியிருந்த ஒருவர், “ஆமா, அதுதான் கிளாசிக் இங்கிலீஷ்” என்று சான்றிதழே கொடுத்துவிட்டார்.

எங்கேயோ போய்விடும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. நேராக அந்த பைபிள் வெளிவந்த 1611-க்குப் போய்விடும்.

இந்த உபதேசத்தைப் பள்ளி நாளிலிருந்து கேட்டு வருகிறேன். கான்வென்டில் சொன்னார்கள், டுடோரியல் காலேஜில் சொன்னார்கள், இப்போது வாட்ஸப்பில் வருகிறது. கிங் ஜேம்ஸ் பைபிள் பழைய ஆங்கிலத்தின் பெரிய நூல் என்று சொன்னால் எனக்குச் சண்டையில்லை. அது நல்ல ஆங்கிலம், இன்றைக்கும் பார்த்து எழுத வேண்டிய ஆங்கிலம் என்று சொல்லும்போதுதான் எரிகிறது. சொல்கிறவர்களை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: லெட் என்றால் என்ன சார்?

லெட் என்றால் விடு, அனுமதி. எல்.கே.ஜி. பிள்ளைக்குத் தெரியும். சரி, யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தைத் திறப்போம். முதல் வசனத்தில் மோசேயும் ஆரோனும் பார்வோனிடம் போய் மக்களை விட்டுவிடச் சொல்கிறார்கள். அங்கே வரும் வினைச்சொல் லெட். இரண்டாம் வசனத்தில், விட முடியாது என்கிறான் பார்வோன். அங்கும் லெட். நான்காம் வசனத்தில் எகிப்தின் ராஜா எரிந்து விழுகிறான்: ஜனங்களை ஏன் வேலை செய்யவிடாமல் தடுக்கிறீர்கள்? இந்தத் தடுப்பதற்குக் கிங் ஜேம்ஸ் போட்டிருக்கும் சொல் என்ன? அதுவும் லெட்தான். தமிழில் விடுவுக்கும் தடுவுக்கும் ஓர் எழுத்தாவது வித்தியாசம் இருக்கிறது. இங்கே அதுவும் இல்லை.

காரணம் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனித்தனி வினைச்சொற்கள். காலப்போக்கில் இரண்டும் ஒரே ஒலிக்கு வந்து சேர்ந்தன. ஒன்று பிழைத்துக்கொண்டது, இன்னொன்று செத்துப்போனது. செத்ததையும் பிழைத்ததையும் ஒரே அதிகாரத்தில் அடுத்தடுத்து வைத்திருக்கும் நூலைத்தான் வேலை தேடும் பெண்ணுக்கு நடைப் பயிற்சிக்குப் பரிந்துரைக்கிறார் பேராசிரியர்.

இதைவிட விபரீதம் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் இருக்கிறது. இரண்டாம் அதிகாரம், ஏழாம் வசனம். அக்கிரமம் முழுதாகத் தலைதூக்காமல் இப்போது அதைத் தடுத்துக்கொண்டிருப்பவனைப் பற்றிப் பவுல் பேசுகிறார். தடுப்பவனுக்கு அங்கே இரண்டு முறை லெட் போட்டிருக்கிறார்கள். இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் வாசித்தால், அக்கிரமத்துக்குக் கதவைத் திறந்துவிடுபவன் என்று புரிந்துகொள்வார். ஊர்க்காவலனைத் திருடனாக்கிக் காட்டுகிற மொழிக்கு நல்ல ஆங்கிலம் என்று பெயர்.

உடனே ஒரு மேதாவி எழுந்து, “ஏன், நம் பாஸ்போர்ட்டிலேயே அந்த லெட் இருக்கிறதே” என்பார். இருக்கிறது. குடியரசுத் தலைவரின் பெயரால் விடுக்கும் அந்த வேண்டுகோளில், இவரைத் தடையின்றிப் போகவிடுங்கள் என்ற இடத்தில் தடைக்கு லெட் என்றும், அது யாருக்கும் புரியாதே என்று பயந்து பக்கத்திலேயே தடைக்கு இன்னொரு சொல்லும் போட்டிருக்கிறார்கள். டென்னிஸிலும் சர்வீஸ் பந்து வலையில் உரசினால் லெட் என்கிறார்கள். ஒரு சொல் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்திலும் டென்னிஸ் மைதானத்திலும் மட்டும் உயிரோடு இருக்கிறது என்றால் அதன் நிலைமை என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பி.காம். படித்த பெண், மழை என்னை நேர்காணலுக்கு வரவிடவில்லை என்று கம்பெனிக்கு எழுதும்போது பேராசிரியரின் லெட்டைப் போட்டால், மழை தாராளமாக அனுமதி கொடுத்தது என்றுதான் அங்கே வாசிப்பார்கள். வேலை கிடைத்தாற்போலத்தான்.

லெட் தனியாக இல்லை, அதற்குச் சொந்தபந்தம் நிறைய. ப்ரிவென்ட் என்றால் முந்திக்கொள்வது. சஃபர் என்றால் அனுமதிப்பது. கான்வர்சேஷன் என்றால் நடத்தை. கேர்ஃபுல் என்றால் கவலையோடு இருப்பது. மீட் ஆஃபரிங் என்று லேவியராகமத்தில் ஒரு பலி வருகிறது. மாவும் எண்ணெயும் சாம்பிராணியும் சேர்ந்தது, மருந்துக்குக்கூட இறைச்சி கிடையாது. ஏரோதின் விருந்தில் ஆடிய பெண் யோவான் ஸ்நானகனின் தலையை இப்போதே கொடு என்று கேட்கிறாள். கிங் ஜேம்ஸில் அந்த ‘இப்போதே’க்குப் பை அண்ட் பை. இன்றைய ஆங்கிலத்தில் அதற்கு ‘அப்புறம் மெதுவாகக் கொடுத்தால் போதும்’ என்று அர்த்தம். தலை போகிற அவசரம் என்று நாம் சொல்வதுண்டு. இவ்வளவு நிதானமாகத் தலை கேட்ட பெண்ணை உலக இலக்கியத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

இப்படிப் பொருள் மாறிப்போன சொற்கள் 300-க்கும் மேல் இருக்கின்றன என்று 1952-இல் முழுமையாக வந்த ஆர்.எஸ்.வி. திருத்த மொழிபெயர்ப்பின் முன்னுரையே சொல்கிறது. அந்தப் பட்டியலில் லெட்டும் இருக்கிறது. சொன்னவர்கள் நாத்திகர்கள் இல்லை, வேதாகம அறிஞர்கள். அதற்கு என்ன மரியாதை கிடைத்தது? அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு போதகர் அந்த மொழிபெயர்ப்பின் ஒரு பக்கத்தைக் கிழித்துத் தீ வைத்தார். அவருடைய கோபம் ஏசாயாவில் வரும் ‘கன்னி’ போய் ‘இளம்பெண்’ வந்ததற்காக. ஆனால் பழைய சொல்லைத் தொட்டவன் கையை ஒடி என்கிற புத்தி எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

தெரியாத சொல் வந்தால் அகராதியைப் பார்க்கலாம். தெரிந்த சொல் என்று நம்பித் தாண்டிப் போகும் இடத்தில்தான் கால் வழுக்கும். தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆண்டாள் பாசுரத்தில் நாற்றம் என்றால் நறுமணம். நல்ல தமிழுக்கு ஆண்டாள்தான் வழிகாட்டி என்று சொல்லி, அடுத்த முறை விருந்துக்குப் போன வீட்டில் “உங்கள் சமையலறை பிரமாதமாக நாறுகிறதே” என்று பாராட்டிப் பாருங்கள். மின்வாரியத்துக்கு எழுதும் புகார் மனுவை யாரும் கம்பன் நடையில் எழுதச் சொல்வதில்லை. ஆங்கிலம் என்றால் மட்டும் நமக்கு மூளையைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

இன்னொரு வேடிக்கை, அந்த மொழி 1611-லேயே பழையதாக இருந்தது. முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604-இல் ஹாம்ப்டன் கோர்ட்டில் கூட்டிய மாநாட்டில் இந்த வேலைக்கு உத்தரவாயிற்று. மொழிபெயர்ப்பாளர்களுக்குப் போட்ட விதிகளில் முதலாவது, 1568-இல் வந்த பிஷப் பைபிளை முடிந்தவரை மாற்றாதீர்கள் என்பது. அது போன்ற பழைய பைபிள்களின் அடியில் கிடப்பது 1526-இல் வில்லியம் டிண்டேல் அச்சிட்ட புதிய ஏற்பாடு. கிங் ஜேம்ஸ் புதிய ஏற்பாட்டில் பெரும்பகுதி டிண்டேலின் சொற்கள்தான். ஆக, பேராசிரியர் சிபாரிசு செய்யும் ஆங்கிலத்துக்கு வயது நானூறைத் தாண்டி ஐந்நூறை ஒட்டி வந்துவிட்டது. ‘இட்ஸ்’ என்ற சாதாரணச் சொல் 1611 பதிப்பில் ஓரிடத்திலும் கிடையாது. அப்போது பேச்சில் புழங்கத் தொடங்கிவிட்ட சொல் அது.

பிறகு அந்த தவ், தீ, தை. இதில்தான் பக்தி மயக்கம் உச்சத்துக்குப் போகிறது. கடவுளைத் தவ் என்று அழைப்பதில் என்ன ஒரு மரியாதை, என்ன ஒரு கம்பீரம் என்று உருகுகிறார்கள். தவ் என்றால் நீ. தேவரீர் என்று நினைத்து நீ என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1603-இல் வின்செஸ்டரில் சர் வால்டர் ராலேயின் மீது ராஜதுரோக வழக்கு நடந்தது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், ராலேயை அவமானப்படுத்த வேண்டும் என்றே தவ் போட்டார், போடுகிறேன் பார் என்று சொல்லியும் காட்டினார். கிங் ஜேம்ஸ் பைபிள் அச்சேற அப்போது எட்டு வருஷம் இருந்தது. அதன் பக்கங்களில் கடவுளும் தவ், சாத்தானும் தவ். பிலேயாம் தன் கழுதையிடம் பேசும்போது அந்தக் கழுதையும் தவ். மூலத்தில் ஒருமை வந்த இடமெல்லாம் ஒருமை போட்டார்கள், அவ்வளவுதான். அது மரியாதைச் சொல் என்றால் கழுதைக்கும் அந்த மரியாதையைக் கொடுத்துவிட்டுப் பேசட்டும்.

ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலமாயிற்றே என்று ஒரு கட்சி. 46-ஆம் சங்கீதத்தில் முன்னாலிருந்து 46-ஆம் சொல் ஷேக், பின்னாலிருந்து 46-ஆம் சொல் ஸ்பியர், ஷேக்ஸ்பியருக்கு 1610-இல் வயது 46, ஆகவே அவரே உட்கார்ந்து திருத்தினார் என்று ஒரு வாட்ஸப் செய்தி வருஷத்துக்கு இரண்டு தடவை என்னிடம் வந்து சேர்கிறது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் கேட்கும் வேதாகம எதிரொலி பெரும்பாலும் கிங் ஜேம்ஸுக்கு முந்தைய ஜெனீவா பைபிளுடையது, பிஷப் பைபிளுடையது. கிங் ஜேம்ஸ் கடைக்கு வந்தபோது அவர் பேனாவை மூடும் நேரம் நெருங்கிவிட்டது.

வெளிவந்தபோது ஊரே எழுந்து நின்று கைதட்டியதாகவும் ஒரு கதை. ஹ்யூ பிராட்டன் என்ற எபிரேய அறிஞர், இதைச் சபைகளின் தலையில் கட்டுவதைவிடக் குதிரைகளில் பூட்டி என்னைக் கிழித்துப் போடலாம் என்கிற அளவுக்குக் கொதித்தார். சட்ட அறிஞர் ஜான் செல்டன் அதை உலகத்தின் மிகச் சிறந்த மொழிபெயர்ப்பு என்று பாராட்டியவர். அவரே, இது ஆங்கிலச் சொற்களில் இருக்கிறது, ஆங்கிலப் பேச்சு வழக்கில் இல்லை என்றார். பிரெஞ்சுக்காரன் ‘அது குளிர் செய்கிறது’ என்றால் நான் ‘குளிராக இருக்கிறது’ என்றுதானே ஆங்கிலத்தில் எழுதுவேன், இவர்கள் எபிரேய வாக்கியத்தை அப்படியே வைத்துவிட்டார்களே என்பது அவருடைய குறை. பண்டிதர் கையில் இருக்கும்வரை பரவாயில்லை, சாமானியர் கைக்குப் போனால் என்ன பாடுபடுமோ என்றும் கவலைப்பட்டார். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலீஷ்காரனுக்கே ஒட்டாத வாக்கியத்தைத்தான் இருபத்தோராம் நூற்றாண்டில் நம் வீட்டுப் பெண் மனப்பாடம் செய்ய வேண்டுமாம்.

ஜார்ஜ் ஆர்வெல்லை இழுக்காமல் இந்த வாதம் முடிவதே இல்லை. 1946-இல் எழுதிய அரசியலும் ஆங்கில மொழியும் என்ற கட்டுரையில் பிரசங்கி நூலின் ஒரு வசனத்தை எடுத்து, அதை ஆபீஸ் ஆங்கிலத்தில் பெயர்த்துக் காட்டிக் கேலி செய்தார். உண்மைதான். அவர் புகழ்ந்தது எதை? சின்னச் சின்ன நாட்டுச் சொற்களை, கண்ணுக்குத் தெரியும் காட்சிகளை. லெட்டையா புகழ்ந்தார்? தவ்வையா? ஆர்வெல்லின் புத்தகங்கள் ஒன்றிலாவது ஒரு மனிதன் இன்னொருவனிடம் ‘ஹீ கோயெத்’ என்று பேசுகிறானா? லிங்கன் 1863-இல் கெட்டிஸ்பர்க்கில் பேசியபோது வருஷக் கணக்கை வேதாகம பாணியில் இருபதுகளாக எண்ணித் தொடங்கினார் என்பார்கள். தொடங்கினார். அதற்குப் பிறகு முழுக்கத் தன் காலத்து ஆங்கிலத்தில் பேசி, 300 சொற்களுக்குள் முடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாசலில் ஒரு தோரணம் கட்டினார் என்பதற்காக வீட்டையே மாவிலையால் கட்டினார் என்று சொல்வதா?

மரபுத்தொடர்கள் இத்தனையும் கிங் ஜேம்ஸ் கொடுத்த சீர்வரிசை என்று அடுத்த பெருமை. மொழியியலாளர் டேவிட் கிரிஸ்டல் 2010-இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். வேதாகமத்திலிருந்து வந்த மரபுத்தொடர்கள் என்று 257-ஐப் பட்டியலிட்டார். அவற்றில் கிங் ஜேம்ஸ் தானாகக் கொடுத்தவை மிகச் சில. மீதியெல்லாம் டிண்டேல், ஜெனீவா என்று முன்னோர் தேடிவைத்த சொத்து. பெயர் மட்டும் ராஜாவுக்கு.

400-ஆம் ஆண்டு விழா 2011-இல் முடிந்த சூட்டோடு இங்கிலாந்தின் அப்போதைய கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ், அரசுப் பள்ளிகளுக்கெல்லாம் ஆளுக்கொரு கிங் ஜேம்ஸ் பைபிள் அனுப்பினார். உள்ளே கல்வி அமைச்சர் வழங்கியது என்று பொறித்திருந்தது. பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும் என்று ஊரறிந்த நாத்திகர் ரிச்சர்ட் டாக்கின்ஸே வரிந்துகட்டிக்கொண்டு எழுதினார். கடவுள் வேண்டாம், கடவுளின் இலக்கணம் மட்டும் வேண்டும். இந்த மாதிரி ஆட்களைப் பற்றி டி.எஸ். எலியட் 1935-லேயே சொல்லிவிட்டார்: பைபிளை வெறும் இலக்கியம் என்று ரசிக்கிறவர்கள் ஒட்டுண்ணிகள் என்று. எலியட் பக்திமான். புதிய மொழிபெயர்ப்பு ஒன்றைப் பின்னாளில் வறுத்தெடுத்தவரும் அவர்தான். அவருக்கே இவர்களைக் கண்டால் ஆகவில்லை.

பழைய மொழி என்றாலே புனிதம் என்ற நம்பிக்கை எவ்வளவு லாபகரமானது என்பதற்கு 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் வெளிவந்த மார்மன் நூலைப் பாருங்கள். பொன் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்தது என்றார் ஜோசப் ஸ்மித். நடை என்னவோ அச்சு அசல் கிங் ஜேம்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் தவ் சொல்லிக் குதிரை வாங்கியவர் அபூர்வம், ஆனால் தவ் இல்லாவிட்டால் வேதம் என்று எவனும் நம்ப மாட்டான். அந்த நூலில் வரிக்கு வரி வரும் ‘இட் கேம் டு பாஸ்’ என்ற ஒரே தொடரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு துண்டுப் பிரசுரம்தான் என்று மார்க் ட்வைன் 1872-இல் கிண்டலடித்தார்.

நம் ஊருக்கு வந்தால் இந்த வியாதி பத்திரப் பதிவு அலுவலக வாசல்வரை பரவியிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய கிரயப் பத்திரம் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் பெரிய எழுத்தில் விட்னெஸ்ஸெத் என்று இருக்கும். டிண்டேல் காலத்து எத் விகுதி, முத்திரைத்தாளில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. கால் கிரவுண்டு மனை வாங்குகிறவர் தன் காசைக் கொடுத்து, தனக்குப் புரியாத மொழியில் கையெழுத்துப் போடுகிறார். புரியவில்லை என்று சொல்ல அவருக்கு வெட்கம். புரியும்படி எழுத எழுதுகிறவருக்கு வெட்கம். அந்த வெட்கத்தில் நடக்கிறது பாதி வியாபாரம்.

தமிழில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? 1871-இல் ஹென்றி போவர் தலைமையில் வந்த தமிழ் வேதாகமத்தைத்தான் பல சபைகள் இன்றும் கட்டிக்கொண்டிருக்கின்றன. சர்வாங்க தகனபலி என்று ஞாயிறுதோறும் வாசிக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பத்தாம் வகுப்புப் பையனிடம் அர்த்தம் கேட்டுப் பாருங்கள், கூரையைப் பார்ப்பான். 1995-இல் கத்தோலிக்கரும் மற்ற சபையினரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு அதை எரிபலி என்று நான்கே எழுத்தில் சொன்னது. அதில் ஆவி இல்லை, அபிஷேகம் இல்லை என்று முகம் சுளித்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அர்த்தம் வேண்டாம், சத்தம் போதும்.

இந்தச் சண்டை இன்று நேற்றுத் தொடங்கியதில்லை. ஜெரோம் என்ற பழங்கால அறிஞர் பைபிளை லத்தீனில் புதிதாக மொழிபெயர்த்தபோது, யோனாவுக்கு நிழல் கொடுத்த செடிக்கு வழக்கமான சுரைக்கொடியை விட்டுவிட்டு வேறு கொடியின் பெயரைப் போட்டார். வட ஆப்பிரிக்காவில் ஓயியா என்ற ஊரில் அதைச் சபையில் வாசித்ததும் ரகளை வெடித்து, பிஷப்பின் பதவியே ஆட்டம் கண்டது. புனித அகஸ்டின் ஜெரோமுக்குக் கடிதம் எழுதிப் புலம்பினார். அப்படி வசவு வாங்கிய அந்த லத்தீன், ஆயிரம் வருஷம் கழித்துத் தொடக்கூடாத புனிதமாகிவிட்டது. அதைத் தாண்டி, ஏர் ஓட்டும் பையனும் படிக்கும்படி ஆங்கிலத்தில் தருவேன் என்று கிளம்பிய டிண்டேலை 1536-இல் பிரஸ்ஸல்ஸ் அருகே கழுத்தை நெரித்து எரித்தார்கள். டிண்டேலின் சந்தை ஆங்கிலம் இப்போது தொடக்கூடாத புனிதம்.

மூலத்துக்காவது அந்தப் பட்டுப் பீதாம்பரம் உண்டா? புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் கடைத்தெருக் கிரேக்கம். எகிப்து மணலில் கிடைத்த பாப்பிரஸ் சுவடிகளில் இருக்கும் ரசீதுகளும் குடும்பக் கடிதங்களும் எந்த மொழியோ, பவுலின் மொழியும் ஏறக்குறைய அதுதான் என்று வேதாகம அறிஞர் அடோல்ஃப் டைஸ்மன் 1908-லேயே எடுத்துக் காட்டினார். சி.எஸ். லூயிஸும் 1947-இல் ஒரு புதிய மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில் இதையே சொன்னார். மீனவனும் கூடாரம் தைப்பவனும் பேசிய மொழிக்கு நாம் ராஜ தர்பார் உடை மாட்டிவிட்டு, ஆகா என்ன நடை என்கிறோம்.

ஓர் எழுத்துகூட மாறாத 1611 என்று பெருமை பேசுகிறவர்கள் கையில் வைத்திருப்பதும் 1611 இல்லை. 1769-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பெஞ்சமின் பிளெய்னி எழுத்துக்கூட்டலைத் திருத்திச் சீர்செய்த பதிப்பு. 1611-இல் அச்சிட்டபடியே கொண்டுவந்து கொடுத்தால், பேராசிரியரே முதல் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். யு இருக்க வேண்டிய இடத்தில் வி, வி இருக்க வேண்டிய இடத்தில் யு. பிளெய்னி திருத்தியது சரி என்றால் லெட்டையும் திருத்தலாம். திருத்தக்கூடாது என்றால் பிளெய்னியையும் தூக்கி எறியட்டும்.

அந்த மொழிபெயர்ப்பாளர்கள் சார்பில் மைல்ஸ் ஸ்மித் 1611 பதிப்புக்கு நீண்ட முன்னுரை எழுதினார். வேதம் பாமரனுக்கும் புரிய வேண்டும், அதற்காகத்தான் இந்தப் பாடு என்று அதில் எழுதி வைத்தார். முன்னோர் செய்ததைப் பின்வந்தவர்கள் இன்னும் நன்றாக்குவதில் குற்றமில்லை என்றும் வாதாடினார். இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான கிங் ஜேம்ஸ் பிரதிகளில் இந்த முன்னுரை கிடையாது. மன்னருக்கு எழுதிய முகஸ்துதிப் பக்கம் மட்டும் பல பிரதிகளில் பத்திரமாக இருக்கிறது. புரிய வேண்டும் என்ற பக்கத்தை எடுத்துவிட்டு, கும்பிடு போட்ட பக்கத்தை வைத்துக்கொண்டவர்கள் நமக்கு நல்ல ஆங்கிலம் கற்றுத் தர வருகிறார்கள். அந்தப் பெண் நியூஸ்பேப்பரே படிக்கட்டும்.